மூட்டையில் தாமிர அளவை அச்சிடுங்கள்

மாட்டுத் தீவனமும் தாது உப்புக் கலவையும் தயாரிக்கும் ஆலை முதலாளிகளுக்கு,

மேச்சேரியில் செம்மறி வளர்க்கும் ஒருவன் எழுதுகிறேன்.

உங்கள் மூட்டையில் கொழுத்த காளையின் படம். எடை கூடும் என்று பெரிய எழுத்து. பக்ரீத்துக்குக் கிடா தேற்ற வேண்டும் என்று கடையில் கேட்டால், அதே மூட்டையைத்தான் "ஆட்டுக்கும் போடலாம்" என்று எடுத்துக் கொடுக்கிறார்கள். எங்கள் பட்டிக்கும் அப்படித்தான் வந்தது. கிடாக்கள் ஆசையாகத்தான் தின்றன. சில வாரம் கழித்து, நல்ல மழைக்குப் பிறகு, ஒன்று இரையெடுக்காமல் ஒதுங்கி நின்றது. கண் மஞ்சளித்திருந்தது, மூத்திரம் கருஞ்சிவப்பாகப் போனது. இரண்டாம் நாள் செத்தது. அடுத்தடுத்து இன்னும் சில. அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், தாமிர நஞ்சு என்றார்.

தாமிரம் மாட்டுக்குத் தேவை. குறைந்தால் ரத்தசோகை வரும், முடி நிறம் வெளுக்கும். அதைச் சேர்ப்பதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் மிஞ்சிய தாமிரத்தைப் பித்தநீர் வழியே வெளியேற்றும் திறன் செம்மறிக்கு மிகக் குறைவு. ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். வெளியே ஒரு குறியும் தெரியாது. மழையோ, பட்டினியோ, வண்டிப் பயணமோ உடம்பை உலுக்கும் நாளில் அத்தனையும் ரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அப்புறம் காப்பாற்றுவது அரிது. ஐரோப்பிய ஒன்றியத்தில் செம்மறித் தீவனத்துக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. வளர்ந்த மாட்டுக்கு 30.

மேச்சேரி ஆட்டின் கறிக்கும் தோலுக்கும் பேர் இருக்கிறது. இந்த இனத்துக்கென்றே பக்கத்துப் பொட்டனேரியில் 1978 முதல் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. அப்பேர்ப்பட்ட ஊரில் விற்கும் மூட்டையில் செம்மறி என்ற சொல்லே இல்லை. சேர்மானம் ஏதோ ஓரத்தில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் கிடக்கிறது. சிலவற்றில் அதுவும் இல்லை. ஒரு கிடாவின் விலை எங்களுக்குப் பிள்ளையின் பள்ளிக் கட்டணம்.

கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் தாமிரம் என்பதைத் தமிழில், காளைப் படத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். மாட்டுக்கானது என்றால் "செம்மறிக்குக் கொடுக்கக் கூடாது" என்று சிவப்பில் போடுங்கள். உங்கள் முகவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். மூட்டையைத் தூக்கித் தருகிறவர் சொல்வதைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

இப்படிக்கு,
மேச்சேரி செம்மறி வளர்ப்போன்