ஷவரைக் கழற்றுங்கள், ஆசிட்டைக் கீழே வையுங்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி குளியலறையிலிருந்து இருமிக்கொண்டே வெளியே வந்து கூடத்துத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பேச்சு வரவில்லை. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டுகிறது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே விஷயம் புரிந்துவிட்டது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். என் வீட்டுக் குளியலறையிலேயே குளோரின் வாயு தயாராகியிருந்தது.

நடந்தது இதுதான். ஷவரில் பாதி ஓட்டைகள் அடைத்துக்கொண்டு, மீதியில் வந்த தண்ணீர் ஒன்று சுவரைப் பார்த்துப் பாயும், ஒன்று கதவைப் பார்த்துப் பாயும். ஷவர் முகம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. தெருவில் சைக்கிளில் பினாயிலும் ஆசிட்டும் விற்று வருபவரிடம் ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி ஊற்றியிருக்கிறாள். தரையில் கறை போகவில்லை என்று அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவியிருக்கிறாள். கதவு சாத்தியிருந்தது, ஜன்னலும் சாத்தியிருந்தது. ஆஸ்பத்திரியில் அரை நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். இருந்தாலும் இந்தக் கோபத்தை எழுதித் தீர்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வரும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தில் ஈப்பர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஜெர்மானியர்கள் பிரெஞ்சுப் படை மேல் திறந்துவிட்டார்களே, அதே வாயு. அந்தப் போரில் பிரான்சுக்காகச் செத்துப்போன நம் பக்கத்து ஆட்களுக்குப் புதுச்சேரி பீச் ரோட்டில் நினைவுச் சின்னம் இருக்கிறது. மாலையில் காற்று வாங்கப் போகும்போது எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை நாம் சுண்டல் தின்றுகொண்டே தாண்டிப் போகிறோம். வீட்டுக்கு வந்து அதே வாயுவை நாலுக்கு நாலு அறையில் தயாரிக்கிறோம்.

ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டது. வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், பதினெட்டு வயது ஆகாதவருக்குக் கொடுக்கக் கூடாது. நம் தெருவில் என்ன நடக்கிறது? பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். லேபிள் கிடையாது. அந்தச் சைக்கிள்காரர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை, அவர் வயிற்றுப்பாட்டுக்கு விற்கிறார். ஆனால் அந்தப் பாட்டிலை வாங்கிச் சமையலறை அலமாரிக்குக் கீழே பேரப்பிள்ளை கை எட்டும் இடத்தில் வைக்கிற நம்மை என்ன சொல்வது?

அடுத்து, "மாத்திடலாம் சார்" கூட்டம். ஷவர் அடைத்துக்கொண்டது என்று பிளம்பரைக் கூப்பிட்டால் கழற்றிக்கூடப் பார்க்க மாட்டார். கீழே நின்றே அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது போயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்பார். ஐந்து வருடத்தில் என் வீட்டில் மூன்று ஷவர் இப்படிப் 'போயிருக்கிறது'. ஒன்றுகூட உண்மையில் போகவில்லை. மூன்றிலும் இருந்தது வெறும் சுண்ணாம்பு.

நம் ஊர்த் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது கிணற்றில் இறைத்து, செம்பால் மொண்டு ஊற்றிக் குளித்தோம். பருப்பு அந்தத் தண்ணீரிலேயே வெந்தது. இன்றைக்குக் கோட்டக்குப்பம் நகராட்சியாகிவிட்டது, வீட்டுக்கு வீடு போர் போட்டாகிவிட்டது. கடலோரத்தில் நல்ல தண்ணீரை அளவுக்கு மேல் உறிஞ்சினால், அந்த இடத்தைப் பிடிக்கக் கடல் தண்ணீர் அடியில் நகர்ந்து வரும். சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறாகும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடுபட்டாலோ காய்ந்தாலோ கால்சியம் கார்பனேட்டாகி ஓட்டையில் உட்கார்ந்துகொள்கிறது. அந்த வெள்ளைப் பொருக்கு அதுதான். ஹீட்டர் போட்டிருக்கும் வீட்டில் ஷவர் சீக்கிரம் அடைப்பதற்கும் இதுதான் காரணம்.

இந்தப் பயத்தை வைத்துப் பிழைக்க இன்னொரு கூட்டம் வந்திருக்கிறது. ஷவருக்கு மேலே ஒரு குப்பி மாட்டுங்கள், உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடும், முடி கொட்டாது என்கிறார்கள். என் மருமகள் ஒன்று வாங்கி மாட்டினாள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500. அதன்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். நடுவாக 400 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடம் ஷவரில் குளித்தால் 40 லிட்டர் ஆகும். அதில் இருப்பது 16 கிராம். உப்பைப் பிடிக்கும் பிசின் மணிகள் ஒரு லிட்டர் இருந்தாலே 100 கிராம் பிடிப்பது பெரிய விஷயம். அந்தக் குப்பிக்குள் 100 மில்லி மணி இருந்தால் 10 கிராம். ஒரு ஆள் குளித்து முடிப்பதற்குள் கதை முடிந்தது! ஆறு மாதம் உழைக்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறான். குளோரின் வாடையை வேண்டுமானால் கொஞ்சம் குறைக்கும். சுண்ணாம்பை ஒன்றும் செய்யாது.

மாடியில் பெரிய டேங்க் வைத்து மென்னீராக்கும் கருவி நிஜமாகவே வேலை செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கழுவ மூட்டை மூட்டையாக உப்பு போட வேண்டும். அந்த உப்புத் தண்ணீர் போய்ச் சேர்வது எங்கே? நம் கொல்லையில், நம் போருக்குள். ஏற்கெனவே கடல் உள்ளே வருகிறது, நாம் மேலிருந்தும் ஊற்றுவோமா?

சரி, என்னதான் செய்வது என்கிறீர்கள். பாரிசில் இருக்கும் என் தங்கை மகள் லீவுக்கு வந்திருந்தபோது இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மாமா, அங்கேயும் தண்ணியில சுண்ணாம்புதான். வெள்ளை வினேகர்லதான் எல்லாம் கழுவுவோம்" என்றாள். வினேகர் என்றால் நம் பெரியவர்கள் காடி என்று சொன்னதுதான். மளிகைக் கடையில் ஐம்பது ரூபாய் சொச்சம்.

பழைய துணியைச் சுற்றி ஷவரைக் கையால் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் துணிக்கு மேலேயே ரென்ச் போடுங்கள், பளபளப்பு கீறாது. உள்ளே ஒரு ரப்பர் வாஷரும் சில ஷவரில் சின்ன வலையும் இருக்கும். கழற்றும்போதே ஒரு கிண்ணத்தில் போடுங்கள், சாக்கடையில் விழுந்தால் அவ்வளவுதான். வினேகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு டப்பாவில் மூழ்க வையுங்கள். குமிழி குமிழியாக வரும், சுண்ணாம்பு கரைகிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க ஊறவைத்தால் முலாம் கெடும். பிறகு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மீதி அடைப்புக்குத் தென்னை ஈர்க்குச்சியைக் கிள்ளி ஓட்டைக்குள் விடுங்கள். ஊசி வேண்டாம், ஓட்டை பெரிதாகிவிடும். ரப்பர் முனை உள்ள ஷவர் என்றால் கட்டைவிரலால் நிமிண்டினாலே பொருக்கு உதிரும். மாட்டுவதற்கு முன் குழாயை ஒரு நிமிடம் திறந்துவிட்டு மணலை வெளியேற்றுங்கள். மரையில் வெள்ளை டேப் இரண்டு சுற்று. கழற்ற முடியாத ஷவருக்கு வினேகரை ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்டால் கட்டித் தொங்கவிடலாம். மார்பிள் தரை என்றால் வினேகர் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் சுண்ணாம்புதான். வினேகரும் ஒரு அமிலமே, அதோடும் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது.

புளி போதாதா என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். பித்தளைக்குப் புளி அருமை. இங்கே புளியில் உள்ள அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத இன்னொரு உப்பாகிவிடும். ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டைப் பூட்டிவிட்டு எட்டு மாதம் கழித்து வந்து நேராக ஷவருக்குக் கீழே போய் நிற்காதீர்கள். 1976-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா ஓட்டலில் கூடிய முன்னாள் ராணுவத்தினர் பலர் ஒரு வினோத நிமோனியாவில் செத்தார்கள். அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டதுதான் லெஜியோனெல்லா கிருமி. தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் வளரும், தெறிக்கும் திவலையோடு நுரையீரலுக்குள் போகும். வயதானவர்களைத்தான் அதிகம் தாக்கும். ஜன்னலைத் திறந்து, ஷவரைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு வெளியே போய் நில்லுங்கள்.

கடைசியாக, இந்தக் கோபத்தில் பெரும் பங்கு என் மேல்தான். இந்த வீட்டில் முப்பத்தெட்டு வருடம் குளித்திருக்கிறேன், ஒரு நாள்கூடக் குளியலறையைக் கழுவியதில்லை. ஆசிட்டில் எதைக் கலக்கக் கூடாது என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன், கட்டின மனைவியிடம் ஒரு தடவை சொன்னதில்லை. என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்களே, உங்களுக்கும் இது பொருந்தும். காலை பத்து மணிக்கு மேல் நமக்கு என்ன வேலை?

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு எனக்கு ஷவர் நாள். போன ஞாயிறு நானே கழற்றி, ஊறவைத்து, மாட்டினேன். அவள் வந்து திறந்து பார்த்தாள். "ஏங்க, ஒண்ணு மட்டும் இன்னும் கதவுமேல அடிக்குது" என்றாள். மறுபடியும் ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினேன்.