'லைவ்'னு போட்டிருக்கு... ஆனா கோல் மட்டும் ஏன் பக்கத்து வீட்டுல முதல்ல விழுது?

2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, இந்திய நேரப்படி இரவு 8.30 மணி. கத்தாரின் லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினா - பிரான்ஸ் உலகக் கோப்பை இறுதிப்போட்டி. இங்கே டிவியில் ஸ்போர்ட்ஸ் 18, மொபைலில் ஜியோ சினிமா, அதுவும் இலவசமாக. 79 நிமிடம் வரை 2-0. பிரான்ஸ் ஆட்டத்திலேயே இல்லை. 'முடிஞ்சது கதை' என்று பலர் படுக்கப் போகத் தயாராகியிருப்பார்கள். அப்போதுதான் எம்பாப்பே ஆரம்பித்தார். 80-வது நிமிடத்தில் பெனால்ட்டியில் ஒரு கோல், அடுத்த 97 வினாடிக்குள் இன்னொன்று. 2-2.

ஒரு அபார்ட்மென்ட்டில் ஒரு வீட்டில் டிடிஹெச், எதிர்வீட்டில் மொபைல் ஆப் என்று வைத்துக்கொள்வோம். ஆப் 30 வினாடி பின்தங்கி ஓடுகிறது. டிடிஹெச் வீட்டில் இரண்டாவது கோலுக்கு அலறல் கிளம்பும்போது, கோமான் மெஸ்ஸியிடமிருந்து பந்தைப் பறித்த காட்சிகூட ஆப் திரையில் வந்திருக்காது. கோல் விழப்போகுது என்று தெரிந்துவிட்டது. இனி பார்ப்பது லைவ் இல்லை, ஹைலைட்ஸ்.

பெனால்ட்டி ஷூட் அவுட்டில் இது இன்னும் கொடுமை. வீரர் நடந்துவந்து பந்தை வைக்கிறார், மூச்சு விடுகிறார், ஓடிவருகிறார். அந்தக் காத்திருப்புதான் ஷூட் அவுட்டே. பந்தை வைக்கும்போதே எதிர்வீட்டிலிருந்து முடிவு காதில் விழுந்துவிட்டால், மோன்டியெல் அடித்த கடைசி உதையில் மிச்சம் என்ன இருக்கு?

சரி, இந்தத் தாமதம் ஏன்? மைதானத்திலிருந்து தூரம் என்பதால் அல்ல. டிடிஹெச் சிக்னல் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் உள்ள செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்ப கால் வினாடிதான் ஆகிறது. டிவியிலும் சில வினாடி தாமதம் உண்டு, அது வீடியோவைச் சுருக்குவது போன்ற வேலைகளுக்கு. ஆப்பில் கதை வேறு. இணையத்தில் வீடியோ தொடர்ச்சியாக ஓடிவருவதில்லை, துண்டு துண்டாக வருகிறது. பரவலாகப் பயன்படும் ஹெச்எல்எஸ் முறையில் ஒரு துண்டுக்கு 6 வினாடி என்பது ஆப்பிள் நிறுவனத்தின் பரிந்துரை. பிளேயர் பொதுவாக மூன்று துண்டு பின்னால் நின்றுதான் ஓடத் தொடங்கும். அங்கேயே 18 வினாடி போச்சு. வெவ்வேறு தரத்துக்கு வீடியோவை மாற்றுவது, பல ஊர் சர்வர்களுக்கு அனுப்புவது எல்லாம் இதற்கு மேல். நடுவில் நெட் தடுமாறி பிளேயர் நின்று ஓடினால், தாமதம் இன்னும் ஏறும். ஒரே ஆப்பை ஒரே வீட்டில் இரண்டு போனில் திறந்தால்கூட முன்னே பின்னே ஓடுவது இதனால்தான்.

நிறுவனங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. சேமித்து வைத்த அந்த வினாடிகள்தான் வீடியோ நிற்காமல் காப்பாற்றுகின்றன. அதே உலகக் கோப்பையின் முதல் நாளில் ஆப்பில் படம் சுற்றிக்கொண்டே நின்றபோது கிடைத்த வசவு கொஞ்சமல்ல. நின்று நின்று ஓடுவதா, தாமதமாக ஓடுவதா என்றால் யாருமே இரண்டாவதைத்தான் கேட்பார்கள்.

ஆனால், அந்தத் தேர்வைப் பார்ப்பவருக்குச் சொல்லாமலேயே செய்துவிடுவதுதான் சிக்கல். 4கே தரம், பல கேமரா கோணம் என்றெல்லாம் விளம்பரம் செய்பவர்கள், மூலையில் சிவப்பில் 'லைவ்' என்று போட்டுவிட்டு, எத்தனை வினாடி பின்னால் என்பதை மட்டும் சொல்வதில்லை. சொல்ல முடியாத விஷயமா அது? வீடியோ கேம் ஆட்டங்களை ஒளிபரப்பும் ட்விட்சில் பார்வையாளரே அந்த எண்ணைப் பார்க்கலாம். தாமதத்தை 2 வினாடி அளவுக்குக் குறைக்கும் நோக்கத்தோடு ஆப்பிள் 2019-லேயே ஹெச்எல்எஸ்ஸின் புதிய வடிவத்தை அறிவித்துவிட்டது. நல்ல வைஃபை இருக்கும் வீட்டுக்கு 'தரம் குறைந்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் கொடு' என்று ஒரு பட்டன் கொடுத்தால் போதும். காசு கட்டிப் பார்க்கும் ஆட்டத்துக்கு இதைக் கேட்பது பேராசை இல்லை.

'முப்பது வினாடிதானே' என்பவர்களும் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு, போனை அணைத்துவிட்டுத் தனியாகப் பார்த்தால் முப்பது நிமிடம் தாமதமானாலும் பாதகமில்லை. ஆனா அப்படி யார் பார்க்கிறா? ஒரு கையில் வாட்ஸ்அப் குரூப், பக்கத்து அறையில் அப்பாவின் டிவி, வெளியூரில் இருக்கும் நண்பனோடு போன் கால். அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் தூக்கிவாரிப் போடணும், அதுக்குத்தானே ராத்திரி தூக்கத்தை விடுவது? 123-வது நிமிடத்தில் கோலோ முவானி அடித்த பந்தை எமிலியானோ மார்ட்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தது அப்படியொரு நொடி.

ஆப்கள் மாறும்வரை செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஸ்கோர் ஆப்களின் நோட்டிஃபிகேஷனை முதலில் அணைக்கணும். கோல் செய்தி சில எழுத்துகள்தான், வீடியோவை எளிதாக முந்திவிடும். குரூப்பை மியூட்டில் போடலாம். வீட்டுக்குள் டிவியும் போனும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது. ஷூட் அவுட் என்று வந்துவிட்டால், எதிர்வீட்டுப் பக்கம் இருக்கும் ஜன்னலையும் சாத்திவிட வேண்டியதுதான்.