நல்ல அதிகாரி போதும் என்பவர்களுக்கு

மேற்கு மாம்பலத்தில் அடுக்ககச் சங்கக் கூட்டம் எதில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு வந்துவிடும்: "கவுன்சிலரெல்லாம் எதுக்கு சார்? நேர்மையான ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி போதும், ஊர் தன்னால சரியாயிடும்." படித்தவர்கள் சொல்வதால் இது விவரமான பேச்சாகத் தோன்றுகிறது. ஆனால் நமக்கே கேடு செய்த நம்பிக்கை இது.

சென்னை இதைச் சோதித்துப் பார்க்காத ஊரல்ல. 1973இல் கலைக்கப்பட்ட மாமன்றத்துக்கு அடுத்த தேர்தல் 1996இல்தான் நடந்தது. ஒரு தலைமுறையே கவுன்சிலர் என்றால் யாரென்று தெரியாமல் வளர்ந்தது. மறுபடி 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரி வரை தேர்தல் இல்லை. ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. கோப்பை அனுப்பும் நிர்வாகத்தின் தலைவரே மாமன்றத்தின் இடத்திலும் இருந்து அதற்கு ஒப்புதல் தந்தார். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் குறுக்குக் கேள்வி கேட்க அந்த அறையில் ஒருவரும் இல்லை. 2018 ஜூலையில் அரசு சொத்து வரியை உயர்த்தியபோது, நம் வார்டுக்காக எழுந்து ஆட்சேபிக்க ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது.

அந்த ஆண்டுகளில்தான் தியாகராய நகரை மையமாக வைத்து ஸ்மார்ட் சிட்டி வேலைகள் நடந்தன. அவற்றை நடத்தியது தனியாகத் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனம். அதற்கு வாக்காளர் யாரும் முதலாளியல்ல. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரும் மாம்பலமும் மூழ்கின. மாம்பலம் கால்வாய் வேலையைப் பற்றிய கேள்விகள் வெள்ளம் வந்த பிறகே உரக்க எழுந்தன. ஸ்மார்ட் சிட்டி முறைகேடுகளை விசாரிக்க ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதார் தலைமையில் அரசு ஆணையம் அமைத்ததும் அதன் பின்னர்தான். வேலை நடக்கும்போதே மாதாமாதம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை.

"2015இல் மாமன்றம் இருந்ததே, வெள்ளம் வரவில்லையா?" என்று மடக்குவார்கள். வந்தது. கவுன்சிலர் மழையைத் தடுப்பார் என்று நான் சொல்லவே இல்லை. கமிஷன் வாங்குகிற கவுன்சிலர்கள் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அவரைத் தெருவில் மறித்துக் கேட்கலாம், அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். மாற்றலாகிப் போன அதிகாரியை லேக் வியூ சாலைக்காரர் எங்கே போய்ப் பிடிப்பது? மன்றத்தில் கூச்சல்தான் நடக்கிறது என்கிறார்கள். நடக்கட்டும். மூடிய அறையில் கையெழுத்தாகும் ஒப்பந்தத்தைவிட, பத்து பேர் காதில் விழும் கூச்சல் எனக்கு மேல்.

இந்த நம்பிக்கையால் வரும் பெரிய நட்டம் இனிமேல்தான். 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது. கிராம சபை போல, வாக்காளர் யாரும் போய்ப் பேசலாம். பகுதிப் பிரதிநிதிகளைத் தேர்தலில்லாமல் நியமிப்பது பெரிய குறை. அதையும் எதிர்க்கத்தான் வேண்டும். எதிர்க்க யார் வருகிறார்கள்? கழிவுநீர் அடைப்பைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் கை, சபையில் மனு கொடுக்க நீள்வதில்லை. இன்னொரு கூட்டத்தைப் பாருங்கள். அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. கூலி வேலையை விட்டுவிட்டு அந்தக் கூட்டத்துக்கு வந்து, கழிப்பறைக்குத் தண்ணீர் எங்கே என்று கேட்கிற தாய்க்கு இருக்கும் குடிமைப் புத்தி, கூட்டத்துக்கே போகாமல் "எல்லாம் வேஸ்ட்" என்று தீர்ப்பு எழுதுகிற நமக்கு இல்லை. அடுத்த பகுதி சபை எப்போது என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். போன கூட்டத்தின் தீர்மான நகலையும் கேட்டு வாங்குங்கள்.