கழுவுகிற கை

போன வருசம் நாகர்கோவிலில் ஒரு படிப்பு வட்டக் கூட்டம். நடுவில் சாயா வந்தது. எல்லாரும் எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. கண்ணாடி டம்ளரின் விளிம்பையே பார்த்துக் கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த தோழர் சொன்னார்: "கவிஞருக்கு பேங்க் வேலை கிடைச்சதும் பார்ப்பனப் புத்தி வந்துட்டுவே." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி வீட்டில் ஒன்றரை மணி நேரம் கை கழுவினேன்.

அந்தத் தோழருக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது நோய். ஓசிடி என்பார்கள். தமிழில் எண்ணச் சுழற்சி நோய். கையில் கிருமி ஒட்டியிருக்கிறது என்று ஓர் எண்ணம் வரும். பொய் என்று தெரியும். தெரிந்தும் விடாது. நெஞ்சு படபடக்கும். கழுவினால் கொஞ்சம் அடங்கும். அந்த அடங்கல்தான் பொறி. கழுவியதால்தான் தப்பித்தோம் என்று மனசு பாடம் படித்துக் கொள்கிறது. அடுத்த தடவை இன்னும் கூடுதலாகக் கழுவச் சொல்கிறது. விரலிடுக்கில் தொலி உரிந்து ரத்தம் கசியும். அம்மை தேங்காயெண்ணெய் தடவி விடுவாள். "மக்கா, அப்படி என்னத்தலே தொட்டே?" என்பாள். நான் என்ன சொல்ல?

வேலையோ கேஷ் கவுண்டரில். மீன் சந்தை நோட்டு, டாஸ்மாக் நோட்டு, ஆஸ்பத்திரி நோட்டு, எல்லாம் என் விரல் வழியாகத்தான் போக வேண்டும். 2020-இல் கொரோனா வந்து உலகமே இருபது வினாடி கை கழுவியபோது, சக ஊழியர்கள் "நீரு சொன்னதுதான் சரி" என்றார்கள். எனக்கு அதுவே வினையாச்சு. அவர்கள் இருபது வினாடியில் நிறுத்தினார்கள். எனக்கு நிறுத்தத் தெரியாது.

ஒரு நாள் துப்புரவுப் பணி செய்யும் அக்கா ஒருத்தர் சம்பளப் பணம் எடுக்க வந்தார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. பாஸ்புக்கை நீட்டினார். வாங்கினேன், பணம் கொடுத்தேன், உடனே எழுந்து குழாய்க்குப் போனேன். திரும்பி வந்தபோது அக்கா அங்கேயே நின்று கொண்டிருந்தார்.

"நீயுமா தம்பி கழுவுத?"

அவ்வளவுதான் கேட்டார். போய்விட்டார்.

எங்கம்மையின் அம்மை, கடைக்குப் பின்னால் நின்று சிரட்டையில் சாயா வாங்கிக் குடித்தவள். அவளுக்கு ஊர் செய்ததை நான் அந்த அக்காவுக்குச் செய்துவிட்டேனா? பல ராத்திரி இதையே யோசித்தேன். 'சாதி ஒரு மனநோய்' என்று நம் சுவரொட்டிகளில் எழுதுகிறோம். நானே ஒரு கவிதையில் எழுதியிருக்கிறேன். இப்போது அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஏன்? நோயாளி தன் எண்ணத்துக்கு வெட்கப்படுகிறான், மறைக்கிறான். சாதிக்காரன் பெருமைப்படுகிறான். என் நோயில் என் கைதான் புண்ணாகிறது. சாதியில் புண்படுவது அடுத்தவன். எல்லாத்துக்கும் மேலே, நோயில் லாபம் கிடையாது. 1927 மார்ச் 20 அன்று மகாடில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். சாதி இந்துக்கள் பிறகு 108 பானையில் நீர் மொண்டு, சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து, குளத்தில் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். சாணத்தை ஊற்றியவனுக்குக் கிருமிப் பயம் என்று யாராவது சொல்ல முடியுமா? குளம் யாருக்குச் சொந்தம் என்பதுதான் அங்கே கேள்வி. நம் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே 1926-இல் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. தெருவில் என்ன கிருமி?

வயலில் எங்கம்மை அறுத்த நெல்லுக்குத் தீட்டில்லை. அதே அம்மை தொட்ட டம்ளருக்குத் தீட்டு. எதைத் தொடவிட வேண்டும், எதைத் தொடவிடக் கூடாது என்று சாதிக்குக் கணக்கு உண்டு. என் நோய்க்கு அந்தக் கணக்கு தெரியாது. அது அம்மை தரும் சோற்றையும் பயப்படும்.

சாதியை நோய் என்றால் சாதிக்காரன் தப்பிக்கிறான். நோயாளியைச் சாதிக்காரன் என்றால் எங்களைப் போன்றவர்கள் சாகிறோம்.

ஆனாலும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நோய் என்னுடையது, ஆனால் பயப்படுவதற்கான படங்களை அது ஊரிலிருந்துதான் எடுக்கிறது. எந்தக் கை அழுக்கு என்று ஊர் சொல்லித் தந்ததோ, அந்தக் கையைக் கண்டு அன்றைக்கு என் நோயும் பயந்தது. அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். நோய் என்பது காரணம்தான், சமாதானம் அல்ல.

இன்னொன்று. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. அந்தச் செய்திக்குப் பிறகு பல நாள் என்னால் வெள்ளம் குடிக்க முடியவில்லை. வேங்கைவயல்காரர்கள் தண்ணீருக்குப் பயந்தால் அது நோயல்ல. கண்ணால் கண்ட கொடுமை. நூறு மைலுக்கு அப்பால் என் வீட்டுக் குழாயைப் பார்த்து நான் நடுங்கினால் அது நோய். முன்னதற்குப் போராட்டம். பின்னதற்கு வைத்தியம். இரண்டையும் குழப்பிக் கொண்டால் இரண்டுமே நடக்காது.

வைத்தியம் இருக்கிறது தோழர்களே. ஃபுளூவாக்சடின் போன்ற மாத்திரைகள் உண்டு. வேலை செய்யப் பல வாரம் ஆகும், பொறுக்க வேண்டும். கூடவே ஒரு பயிற்சி. பயப்படும் பொருளைத் தொட வேண்டும், கழுவாமல் இருக்க வேண்டும். சின்னப் பயத்திலிருந்து பெரிய பயத்துக்குப் படிப்படியாக. படபடப்பு ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு பைய தானாகவே இறங்கும். அது இறங்கும் என்பதை உடம்பால் கற்றுக் கொள்வதுதான் வைத்தியம். அரசு செலவில் நடக்கும் மனநல சேவையைப் பெறுவது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நம் உரிமை. வெட்கத்தால் மறைத்து, மந்திரவாதியிடமும் தர்காவிலும் கொண்டு விட்டு என்ன ஆனது? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்த 28 பேர் தீயில் வெந்து செத்தார்கள்.

நிலம் பேசுகிறோம், கூலி பேசுகிறோம், பஞ்சமி நிலம் பேசுகிறோம். நம் கூட்டத்தில் ஒருத்தன் சாயா எடுக்காமல் உட்கார்ந்திருந்தால், ஏன் என்று அவனிடம் கேட்கவும் பழக வேண்டாமா?

அக்கா அடுத்த மாசமும் வந்தார். பாஸ்புக்கை வாங்கினேன். நோய் என்று சொன்னேன், மன்னிக்கச் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்குப் போனியா?" என்றார். போகிறேன் என்றேன். பணத்தை எண்ணிக் கையில் கொடுத்தேன். விரல் பட்டது. குழாய் பத்தடி தூரத்தில். எழுந்திருக்கவில்லை. நாற்பது நிமிசம் ஆச்சு, படபடப்பு இறங்க.

அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன் தோழர். சாயா சொல்லி வையும்.