சாவி யார் கையில்?



பிழைப்புக்காகத் தலைநகருக்கு வந்து பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு, பக்கத்துத் தெருவில் பாட்டி வீடு இல்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரச் சித்தப்பாவும் இல்லை. தகப்பன் இரவுப் பணியில் இருப்பார்; தாய் வேலை முடிந்து மெட்ரோவில் வீடு திரும்ப மணி எட்டாகும். இதற்கிடையில் டியூஷனுக்குப் போகவேண்டும், பால் வாங்கவேண்டும், தங்கையை அழைத்து வரவேண்டும். அப்படியே வீட்டு ஸ்கூட்டரின் சாவி பதினைந்து வயது மகனின் கைக்கு வந்துவிடுகிறது. துவாரகாவின் சாலைகளோ அகலமானவை, செக்டருக்குச் செக்டர் நேராகச் செல்பவை. "இங்கேதானே, பத்து நிமிடத்தில் வந்துவிடுவான்" என்று நாமும் மனதைத் தேற்றிக்கொள்கிறோம். பல வீடுகளில் இது ஆடம்பரத்தினால் அல்ல, தேவையினால் நடக்கிறது. ஆகவேதான் இதை நாம் நிதானமாகச் சிந்திக்கவேண்டியுள்ளது.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 18 வயது நிறையாதவர் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டலாகாது. 16 வயது நிறைந்தவருக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதத்துடன் உரிமம் பெற்று, 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வாகனத்தை அவர் ஓட்டலாம். ஆனால் இன்று நம் வீடுகளில் நிற்பவை 110 சி.சி., 125 சி.சி. ஸ்கூட்டர்கள். அவை இந்த விலக்கினுள் அடங்கா. "கியர் இல்லாத வண்டிதானே" என்னும் வாதம் சட்டத்தின் முன் நில்லாது.

மின்சார ஸ்கூட்டர்களைக் குறித்தும் ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. 250 வாட்டுக்குக் குறைந்த திறனும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் கொண்ட வண்டிகளுக்கு மட்டுமே பதிவும் உரிமமும் தேவையில்லை. அதற்கு மேற்பட்ட மின்சார வண்டி எதுவாயினும் அது மோட்டார் வாகனமே. வாங்குமுன் கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பாமல் ஆவணத்தைப் பார்ப்பது நல்லது.

இனி, நாம் அதிகம் அறிந்திராத பகுதிக்கு வருவோம். 2019இல் இச்சட்டம் திருத்தப்பட்டபோது 199ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. சிறுவர் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால், அவருடைய பாதுகாவலர் அல்லது வாகனத்தின் உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவர். தண்டனை மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் ஆகும். வாகனத்தின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து செய்யப்படும். அவர்களுடைய சம்மதத்துடனேயே வண்டி எடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க இயன்றதையெல்லாம் செய்தோம் என்றோ நிரூபிக்கும் பொறுப்பு பெற்றோருடையது. சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த வீட்டார் இதை எப்படி நிரூபிப்பார்கள்?

இதனினும் பெரிய இழப்பு பிள்ளைக்கு உண்டு. அவனுக்கு 25 வயது நிறையும்வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. சொந்த ஊரில் நிலமோ கடையோ இல்லாத நம் குடும்பங்களில், படிப்பு முடிந்ததும் ஒரு வேலையைப் பற்றிக்கொள்ள உரிமம் எவ்வளவு தேவை என்பதை நாம் அறிவோம். பத்து நிமிட வசதிக்காக அவனுடைய ஏழு ஆண்டு வாய்ப்பை நாமே அடைத்துவிடுகிறோம். மேலும், உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அத்தொகையை வண்டியின் உரிமையாளரிடமிருந்து வசூலிக்க நீதிமன்றம் அனுமதிப்பதுண்டு.

"சிறுவன்தானே, சட்டம் இரங்கும்" என்று சிலர் எண்ணலாம். 2016 ஏப்ரலில் தில்லி சிவில் லைன்ஸ் பகுதியில், 18 வயது நிறைவதற்குச் சில நாட்களே இருந்த சிறுவன் ஓட்டிய கார் மோதி, சாலையைக் கடந்த 32 வயது இளைஞர் இறந்தார். அச்சிறுவனைப் பெரியவராகக் கருதி விசாரிக்க இயலாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 மே மாதத்தில் புனேயின் கல்யாணி நகரில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய கார் மோதி, வேலைக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்திருந்த இரண்டு இளம் பொறியாளர்கள் மாண்டனர். சாலை பாதுகாப்பைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதவேண்டும் என்பது சிறுவனுக்கு முதலில் விதிக்கப்பட்ட ஜாமீன் நிபந்தனைகளில் ஒன்று. சிறுவனின் தகப்பனோ கைது செய்யப்பட்டார். பிள்ளையின் வயதைக் கருதிச் சட்டம் இரங்கலாம். சாவியைக் கொடுத்தவருக்கு இரங்கவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. இரு வழக்குகளிலும் உயிரிழந்தவர்கள் நம்மைப்போன்ற ஏதோவொரு வீட்டின் பிள்ளைகள் என்பதையும் மறவாதிருப்போம்.

புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்றும், கட்டாமல் விட்டு ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்றும் உபாகமம் 22ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. விழுந்தவனின் கவனக்குறைவை அது கேட்கவில்லை. வீட்டுக்காரன் செய்யத் தவறியதையே கேட்கிறது. 199ஏ பிரிவின் நியாயமும் இதுவே.

விடுமுறையில் மலைவாசஸ்தலங்களுக்குச் செல்லும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. மணாலி போன்ற இடங்களில் ஏ.டி.வி. அல்லது குவாட் பைக் எனப்படும், கரடுமுரடான நிலத்தில் ஓடும் நான்கு சக்கர வண்டிகளை வாடகைக்குத் தருகிறார்கள். நான்கு சக்கரம் இருப்பதால் கவிழாது என்று நினைப்பது தவறு. அவ்வண்டியின் எடை மையம் உயரமானது. திருப்பத்தில் ஓட்டுபவர் தம் உடல் எடையைச் சாய்த்துச் சமன்செய்யவேண்டும். சிறுபிள்ளைக்கு அந்த எடையும் வலுவும் இல்லை. கவிழ்ந்தால் வண்டி பிள்ளையின்மேலேயே விழும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 16 வயதுக்குட்பட்டோர் இதை ஓட்டலாகாது என அறிவுறுத்துகிறது. அந்நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் 2006இல் இவ்வண்டியால் இறந்தான். அதன் பின், அவனுடைய பெற்றோரின் முயற்சியால் 2010இல் வயது வரம்பைக் கடுமையாக்கும் சட்டம் வந்தது. வாடகைக்கு விடுகிறவர் வயதைக் கேட்காவிட்டாலும் நாம் கேட்கவேண்டும்.

ஓட்டும் பிள்ளைக்கு மட்டுமல்ல, உடன் வரும் பிள்ளைக்கும் விதிகள் உண்டு. ஞாயிறு ஆராதனைக்கு ஒரே ஸ்கூட்டரில் நால்வராய் வரும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறோம். ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவர் மட்டுமே அமரலாம். நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அளவான தலைக்கவசமும், ஓட்டுநருடன் இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. இவ்விதி 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது.

2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

அப்படியானால் டியூஷனுக்கு எப்படி அனுப்புவது? துவாரகாவில் மெட்ரோ நிலைய வாசல்களில் மின்சார ரிக்‌ஷாக்கள் கிடைக்கின்றன. பகல் வேளையில் சைக்கிள் போதுமானது. ஒரே குடியிருப்பிலுள்ள மூன்று நான்கு பெற்றோர் முறைவைத்துப் பிள்ளைகளை அழைத்து வரலாம். உறவினர் இல்லாத ஊரில் அண்டை வீட்டாரே நமக்கு உறவினர். வண்டியின் சாவியை ஆணியில் தொங்கவிடாமல் பெரியவர் வசமே வைத்திருங்கள். "உனக்கு ஓட்டத் தெரியாது" என்று மகனைச் சிறுமைப்படுத்தாமல், "18 நிறைந்த அன்று நானே உன்னை உரிமத்துக்கு அழைத்துப் போகிறேன்" என்று வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கைத் தவறாமல் நிறைவேற்றுங்கள். காத்திருக்கக் கற்ற பிள்ளை சாலையிலும் சிவப்பு விளக்குக்குக் காத்திருப்பான்.