மாத்திரை கடனைத் தீர்க்காது!

கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். மழை பிடித்தால் பால்வெட்டு இல்லை. அடகுக்கடை வட்டி ஒரு பக்கம், ஒழுகும் லயம் மறுபக்கம். புளத்கொகுபிட்டிய தோட்டங்களில் நமக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

மருந்தெடுக்கப் போனால் டயசிபாம். அடுத்த மாதமும் அதே துண்டு, அதே மாத்திரை. ஏன் தூக்கமில்லை என்று கேட்க ஆளில்லை!

இவ்வகை மருந்தை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று பிரிட்டனில் 1988 இலேயே டாக்டர்களுக்கு அறிவுறுத்தினார்கள். நீடித்தால் உடம்பு அதற்கு அடிமையாகும். காலையில் தலை கிறுகிறுக்கும், மலைச்சரிவில் கால் தடுமாறும். சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

ஆனால் திடீரென நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். டாக்டரிடம் கேட்டு, சிறிது சிறிதாகக் குறையுங்கள். மனம் பேச விரும்பினால் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926.

மாத்திரைக்குப் பழகியவர் குற்றவாளியல்லர். பார்க்காமலே துண்டு எழுதும் வழக்கமே குற்றம். நாம் கேட்பது இவைதான்: ஒவ்வொரு முறையும் டாக்டர் பரிசோதிக்க வேண்டும். மருந்துறையில் தமிழில் எழுத வேண்டும். வயிறு நிறையும் சம்பளம் வேண்டும்.

நம்மைத் தூங்க வைத்து நமது கோரிக்கையைத் தூங்க வைக்க முடியாது!