சீனி வருத்தம்: குளிசை இலவசம், விளக்கம் எங்கே?

வட்டகொடையில் ஆசிரியராக இருக்கும் எனக்கு, சீனி வருத்தத்துடன் வாழும் முதியோர் பலரைத் தெரியும். லயத்திலும் இருக்கிறார்கள், கடைவீதியிலும் இருக்கிறார்கள். அரச கிளினிக்கில் மெட்போர்மின் இலவசம். மாதந்தோறும் தவறாமல் போய் வருகிறார்கள். ஆனால் கிளினிக் கொப்பியில் எழுதிய எண் என்ன சொல்கிறது என்று கேட்டால், பலரிடம் பதில் இல்லை.

1987 இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. ஆனால் நான் பார்த்த மருந்துப் பைகளில் தமிழைக் காண்பது அரிது.

இதன் விளைவு சிறியதல்ல. "சீனி இறங்கிவிட்டது" என்று குளிசையை நிறுத்துகிறார்கள். இறக்கியதே அந்தக் குளிசைதான். நோயால் உணர்ச்சி குறைந்த பாதத்தில் காயம் பட்டாலும் வலி தெரியாது. புண் முற்றிய பிறகே வைத்தியரிடம் போகிறார்கள்.

ரமழானில் இன்னும் கவனம் தேவை. குளிசை நேரத்தைத் தாமே மாற்றாமல், முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்க வேண்டும். இரத்தச் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், அல்லது 300க்கு மேல் ஏறினால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதே சர்வதேச மருத்துவ வழிகாட்டல். விரலில் குத்திப் பரிசோதிப்பது நோன்பை முறிக்காது என்றே மார்க்க அறிஞர்கள் பலரும் கூறுகின்றனர். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை மறுப்பது பக்தியாகாது.

மருந்துப் பையில் தமிழ் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அது வரும்வரை காத்திருக்கவும் முடியாது. ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் பத்து நிமிடம் ஒதுக்கலாம். வீட்டில் படிக்கும் பேரப்பிள்ளை கிளினிக் கொப்பியை வாசித்துச் சொல்லலாம்.